கோடம்பாக்கத்துக்கு முன்பு கடலூர்

'ஜெய் பீம்' படத்துக்கு வசனம் எழுதியாகிவிட்ட பிறகும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. படத்தில் வருகிற மனிதர்கள் விருத்தாசலம் பக்கத்துக்காரர்கள். அவர்கள் பேசுவது மதுரைப் பேச்சும் இல்லை, கொங்குப் பேச்சும் இல்லை, சென்னைப் பேச்சும் இல்லை. அந்த வசனங்களை வட்டார வழக்குக்கு மாற்றித் தரச் சொல்லிப் படக்குழு அணுகியது, மணக்கொல்லை கிராமத்து எழுத்தாளர் கண்மணி குணசேகரனை. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக் வேலை பார்த்துக்கொண்டே 'அஞ்சலை', 'நெடுஞ்சாலை' போன்ற நாவல்களை எழுதியவர் அவர். தன் பகுதி மக்கள் வாயில் புழங்கும் சொற்களைத் தனி ஆளாகத் திரட்டி 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று ஒரு அகராதியே தொகுத்தவர். 2021-ல் படம் வெளிவந்தபோது அதன் சித்திரிப்பில் அவருக்கு உடன்பாடு இல்லை. வாங்கிய பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தச் சர்ச்சையில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: பெரிய நட்சத்திரமும் பெரிய முதலீடும் உள்ள ஒரு படத்துக்கு, கோடம்பாக்கத்தில் வாடகைக்குக் கிடைக்காத ஒரு பொருள் தேவைப்பட்டது. அது கடலூர் மாவட்டத்தில் ஒரு பஸ் டெப்போ ஊழியரிடம் இருந்தது.

கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, நெய்வேலி என்று எந்த ஊர்க் கல்லூரியிலும் சினிமாவிலோ டிவியிலோ வேலைக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊரில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் இரண்டு வகை. "உள்ளே யாரையாவது தெரிந்தால்தான் முடியும், தெரியாவிட்டால் மறந்துவிடு" என்பது ஒன்று. "சென்னைக்குப் போய் ரூம் எடுத்துத் தங்கி யாரிடமாவது அசிஸ்டென்டாகச் சேர்ந்துவிடு, மற்றது தானாக நடக்கும்" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் தயாரிப்பு என்ற சொல்லுக்கு இரண்டுமே இடம் கொடுப்பதில்லை. டாக்டராக ஆசைப்படும் பிள்ளையை, நேரே ஆஸ்பத்திரி வாசலில் போய் நில் என்று யாரும் அனுப்புவதில்லை. சினிமாவுக்கு மட்டும் அப்படித்தான் அனுப்புகிறோம். என் வாதம் இது: திரைத்துறைக்கோ ஊடகத்துக்கோ போகிறவர் செய்துகொள்ள வேண்டிய தயாரிப்பில் பெரும்பகுதியைச் சென்னைக்கு பஸ் ஏறும் முன்பே, பிறந்த ஊரிலேயே செய்துகொள்ள முடியும். அப்படிச் செய்துகொண்டு போகிறவருக்குத்தான் அங்கே பேசுவதற்குக் கொஞ்சம் பலம் இருக்கும். கையில் ஒரு தொழில் வேண்டும், மனசில் ஒரு ஊர் வேண்டும். இதற்குச் சாட்சி தேடி வெளியே போக வேண்டியதில்லை, இந்த மாவட்டமே தருகிறது.

திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்தவர் புதுமைப்பித்தன், இயற்பெயரே விருத்தாசலம். வளர்ந்தது திருநெல்வேலியில். 'தினமணி'யில் உதவி ஆசிரியராக இருந்து, சிறுகதையில் பெயர் பெற்ற பிறகுதான் சினிமாவுக்குக் கதை வசனம் எழுதப் போனார். மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்த ஜெயகாந்தன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, அச்சகத்தில் புரூஃப் பார்த்து, எழுத்தாளராகி, 1965-ல் 'உன்னைப்போல் ஒருவன்' படத்தைத் தானே இயக்கினார். குடிசைப் பகுதி மனிதர்களைப் பற்றித் தான் எழுதிய கதையைத்தான் எடுத்தார். தேசிய விருதுகளில் மூன்றாவது சிறந்த படம் என்று அதற்கு நற்சான்றிதழ் கிடைத்தது. பண்ருட்டி அருகே பத்திரக்கோட்டையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் தங்கர் பச்சான். வெற்றிமாறன் பிறந்ததும் கடலூரில்தான், வளர்ந்தது ராணிப்பேட்டை. இந்த நால்வரில் யாருக்கும் அப்பா தயாரிப்பாளரும் இல்லை, இயக்குநரும் இல்லை. முகத்தைக் காட்டியோ சிபாரிசுக் கடிதத்தைக் காட்டியோ இவர்கள் நுழையவில்லை. எழுத்தாகவோ தொழில்நுட்பமாகவோ வாசிப்பாகவோ, ஏதோ ஒன்று இவர்கள் கையில் முன்பே இருந்தது.

இவர்களில் தங்கர் பச்சானின் பாதை இன்றைய மாணவருக்கு மிகவும் பயன்படும். அவர் முதலில் இயக்குநர் ஆகவில்லை. சென்னைத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, கேமராமேனாகப் பல வருஷம் உழைத்தார். 1996-ல் வந்து தேசிய விருதுகள் வாங்கிய 'காதல் கோட்டை', 2000-ல் வந்த 'பாரதி' இரண்டுக்கும் ஒளிப்பதிவு அவருடையது. அந்த வருஷங்களிலேயே தன் ஊர் மனிதர்களைப் பற்றிக் கதைகளும் எழுதிக்கொண்டிருந்தார். 'கல்வெட்டு' என்ற அவருடைய சிறுகதைதான் 2002-ல் 'அழகி' ஆனது. 'ஒன்பது ரூபாய் நோட்டு' முதலில் நாவல், 2007-ல் படம். முந்திரிக் காட்டையும் பலாத் தோப்பையும் அந்தப் படத்தில் பார்க்கிறவருக்கு ஒரு விஷயம் புரியும். அடர்ந்த தோப்புக்குள் வெயில் இலை வழியே இறங்கும்போது மனிதர் முகத்தில் லேசாகப் பச்சை படியும். தரையில் வெயில் திட்டுத் திட்டாக விழும். இதை எப்படிச் சமாளிப்பது என்று வெளியூர்க் கேமராமேன் படப்பிடிப்பு அன்று யோசிப்பார். தோப்பில் வளர்ந்த பிள்ளைக்கு எந்த மாதத்தில் எத்தனை மணிக்கு அந்த வெயில் எந்தப் பக்கம் சாயும் என்பது தெரியும். கல்லூரியில் கற்ற தொழிலும் ஊரில் கற்ற கண்ணும் சேர்ந்ததால்தான் அந்தப் படங்கள் வந்தன. ஒன்று மட்டும் இருந்திருந்தால் அவர் பிறர் கதையைப் படம்பிடிக்கும் நல்ல கேமராமேனாகவோ, யாரும் படமெடுக்க வராத நல்ல கதாசிரியராகவோ நின்றிருக்கக்கூடும்.

வாசிப்பைப் பற்றிச் சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்கு அலுப்பாக இருக்கலாம். ஆனால் தொழில்ரீதியாகப் பார்த்தாலும் இதில் தப்பிக்க வழியில்லை. லயோலாவில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த வெற்றிமாறன் அதை விட்டுவிட்டு இயக்குநர் பாலு மகேந்திராவிடம் சேர்ந்தபோது, 'கதை நேரம்' டிவி தொடருக்காகச் சிறுகதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதுவது அவருடைய வேலைகளில் ஒன்றாக இருந்தது. கேமராவைத் தொடுவதற்கு முன் கதையின் எலும்பு எது, சதை எது என்று பிரிக்கக் கற்றுக்கொண்டார் என்று அர்த்தம். பின்னால் அவர் எடுத்த படங்களைப் பாருங்கள்: 'விசாரணை'க்கு மு. சந்திரகுமாரின் 'லாக்கப்', 'அசுர'னுக்குப் பூமணியின் 'வெக்கை', 'விடுதலை'க்கு ஜெயமோகனின் 'துணைவன்'. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' முளைத்ததும் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்துதான். கடலூர் மாவட்டப் பிள்ளைக்கு இந்த வாசிப்பு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 'செல்லாத பண'த்துக்காக 2020-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது பெற்ற இமையம் இந்த மண்ணின் எழுத்தாளர். 'கோவேறு கழுதைகள்' நாவலைப் படித்தால் இந்த மாவட்டத்துப் பேச்சு பக்கத்துக்குப் பக்கம் காதில் விழும். ஒரு கதையைப் படித்து, அதை ஒரு பக்கத்தில் சுருக்கி, பிறகு ஒரே வரியில் சொல்லிப் பார்ப்பது காசு செலவில்லாத பயிற்சி. சினிமாக்காரர்கள் 'ஒன் லைன்' என்று சொல்வது அதைத்தான்.

தொழில் பழகவும் ஊரில் இடம் இருக்கிறது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடிகாலை மீன் ஏலத்தைப் படம்பிடித்துப் பாருங்கள். படம் எப்படியும் அழகாக வந்துவிடும்; போன் கேமராவே அதைப் பார்த்துக்கொள்ளும். ஒலி வராது. படகு இன்ஜின், காக்கை, கடற்காற்று, நான்கு பேர் ஒரே நேரத்தில் விலை கேட்கும் குரல் எல்லாம் கலந்து இரைச்சலாகத்தான் பதியும். ஏலம் கூறுபவரின் குரலை மட்டும் தெளிவாகப் பிடிக்க, மைக்கை எவ்வளவு அருகில் கொண்டுபோக வேண்டும், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, மைக்குக்கு மேல் எதைப் போர்த்த வேண்டும் என்று நாலு தடவை தோற்றுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அந்த நாலு தடவையை முதுநகரில் தோற்றுவிட்டால் சென்னையில் தோற்க வேண்டியதில்லை. கல்யாண வீடியோ வேலையைச் சினிமாக் கனவு உள்ள பிள்ளைகள் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். அதைப்போல ஒரு பள்ளிக்கூடம் கிடையாது. தாலி கட்டும் நொடிக்கு ரீடேக் இல்லை. மண்டபத்துக்குள் டியூப் லைட்டும் வெளியே வெயிலும் வெவ்வேறு நிறம். மணப்பெண் வாசலிலிருந்து மேடைக்கு நடக்கும் ஒரு நிமிஷத்துக்குள் இரண்டையும் சமாளிக்க வேண்டும். புகை, கூட்டம், குறுக்கே வரும் சொந்தக்காரர்கள் எல்லாவற்றுக்கும் நடுவே மேளம் கொட்டும் முன் கேமரா சரியான இடத்தில் நிற்க வேண்டும். ஐம்பது முகூர்த்தம் எடுத்த பையன் ஒரு டாகுமென்டரி யூனிட்டில் முதல் நாளிலேயே உதவியாக இருப்பான்.

சிதம்பரத்துக்கு வந்தால் வேறொரு செல்வம். நடராஜர் கோயில் கோபுர வாசல்களில் 108 கரணங்கள் சிற்பமாக இருக்கின்றன, நாட்டிய சாஸ்திர வரிகளோடு சேர்த்து. ஒவ்வொரு சிற்பமும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு அசைவில் எந்த நொடியை நிறுத்தினால் முன்னும் பின்னும் புரியும் என்று ஒரு சிற்பி எடுத்த முடிவு. எடிட்டர் வெட்டும் இடத்தைத் தேர்வதும், போஸ்டர் டிசைனர் ஒரு ஸ்டில்லைத் தேர்வதும், நடன இயக்குநர் கேமராவுக்காக ஒரு அடவை நிறுத்துவதும் அதே கேள்விதான். 1981-லிருந்து சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. அசைவைப் படம்பிடிக்கப் பழக, பல ஊர்க் கலைஞர்கள் ஒரே மேடைக்கு வரும் அந்த நாட்களைவிட வசதியான சந்தர்ப்பம் ஏது? ஊர் எல்லையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இசைக் கல்வியில் அதற்குள்ள பெயர் எல்லோருக்கும் தெரியும்; மொழியியலில் அதற்குள்ள பெயர் சினிமாவுக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. வசனம் எழுதவும் சப்டைட்டில் செய்யவும் டப்பிங் பேசவும் விரும்புகிறவருக்கு, ஒரு வட்டாரத்துப் பேச்சு இன்னொன்றிலிருந்து எப்படி விலகுகிறது என்ற அறிவு நேரடியான மூலதனம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகத்தை ஒட்டி அதே பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கடலையும் அலையாத்திக் காட்டையும் பற்றி டாகுமென்டரி எடுக்க ஆசைப்படுகிறவர், விஷயம் தெரிந்தவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1975-ல் வெளியான எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி'க்காக ஒரு படக்குழு பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு வந்தது. வந்தவர்கள் படம்பிடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தத் தில்லை மரங்களுக்கு நடுவே தோணி ஓட்டுகிறவரின் வாழ்க்கை அவர்களுடைய கதையில் இல்லை. கொஞ்சம் வடக்கே போனால் புதுச்சேரி: காலாப்பட்டில் பல்கலைக்கழகம், அதில் ஊடகத் துறை, சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நாடகப் பள்ளி. கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்.

"இதெல்லாம் சரி, ஆனால் சினிமா நடப்பது சென்னையில்தானே? ஆள் தெரியாமல் உள்ளே விடுவார்களா?" என்று கேட்பவர்கள் தவறாகக் கேட்கவில்லை. கதாநாயகன் நாற்காலிக்கு வாரிசுகள் வரிசையில் நிற்பது கண் முன்னால் தெரிகிற உண்மை. தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியில் இருபதுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. சங்க உறுப்பினர் கார்டு இல்லாமல் பல வேலைகளில் நிற்கவே முடியாது, கார்டு வாங்கப் பணமும் சிபாரிசும் தேவைப்படும். இருந்தாலும் அந்த இருபதுக்கு மேற்பட்ட சங்கங்களே ஒன்றைச் சொல்கின்றன. ஒரு படத்தில் திரையில் தெரியும் நாலைந்து முகங்களுக்குப் பின்னால் ஒளி, ஒலி, எடிட்டிங், கலை, உடை, ஒப்பனை, கிராஃபிக்ஸ், புரொடக்‌ஷன் என்று நூறு பேர் வேலை செய்கிறார்கள். அந்த இடங்களில் தொடர்பு கதவைத் திறக்கும். உள்ளே உட்காரவைப்பது வேலைதான். ஒரு அசிஸ்டென்ட் டைரக்டரின் நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் எடுத்த காட்சியில் அம்மா பாத்திரம் டம்ளரை எந்தக் கையில் பிடித்திருந்தார், காபி எவ்வளவு மிச்சம், குத்துவிளக்கில் திரி எவ்வளவு எரிந்திருந்தது, முந்தானை எந்தத் தோளில் என்று ஒவ்வொன்றையும் எழுதி வைப்பது அவர் வேலை. அதே காட்சியின் மறுபாதியை மூன்று வாரம் கழித்து வேறு ஊரில் எடுப்பார்கள். கன்டினியூட்டி தப்பினால் ஒரு அரை நாள் கால்ஷீட் போயிற்று. இந்தக் கவனத்துக்குச் சிபாரிசு உதவாது. நாலு குறும்படத்தில் ஏற்கெனவே தப்புச் செய்து கற்றவரைத்தான் அடுத்த படத்துக்கும் கூப்பிடுவார்கள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. பேட்டா மட்டும் வாங்கிக்கொண்டு, சில சமயம் அதுவும் இல்லாமல், ஐந்தாறு வருஷம் அசிஸ்டென்டாக இருக்க யாரால் முடியும்? வீட்டிலிருந்து பணம் வருகிறவரால் முடியும். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளையால், கல்விக் கடன் கட்ட வேண்டிய முதல் தலைமுறைப் பட்டதாரியால் எப்படி முடியும்? இந்தக் கேள்விக்குச் சமாதானம் சொல்ல நான் விரும்பவில்லை. இது அநியாயம்தான், யார் கதை திரைக்கு வருகிறது, யார் கதை வரவில்லை என்பதையே இந்தச் சம்பளமில்லாத வருஷங்கள்தான் தீர்மானிக்கின்றன. செய்யக்கூடியது, அந்த வருஷங்களைக் குறைப்பது. தரமணியில் எம்.ஜி.ஆர். திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் அரசுடையது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம், அனிமேஷன் முதலியவற்றில் நான்கு வருஷப் பட்டப்படிப்பு இருக்கிறது. தனியார் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. லட்சக்கணக்கில் கடன் வாங்கி விஸ்காம் சேர்க்கும் முன் ஒரு தடவை அங்கே விண்ணப்பம் போடாத பெற்றோரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பட்டம் முடித்தவர்களுக்குப் புனே, கொல்கத்தா மத்திய நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு உண்டு. முதல் தலைமுறை மாணவர்களைத் தேர்ந்தெடுத்துக் கட்டணமில்லாமல் திரைக் கல்வி தர வெற்றிமாறன் 2022-ல் ஒரு ஆய்வகம் தொடங்கினார். 'கூழாங்கல்' எடுத்த பி.எஸ். வினோத்ராஜ் சின்ன வயதிலேயே வேலைக்குப் போனவர். சென்னையில் டிவிடி கடையில் வேலை பார்த்தபோது உலக சினிமாவைப் பார்த்துப் பழகியவர். அவருடைய முதல் படமே 2021-ல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வாங்கியது. ஒருவர் ஜெயித்ததால் வழி எல்லோருக்கும் திறந்துவிட்டது என்று ஆகாது. அவர் எடுத்துக்கொண்ட பொருள் தன் வீட்டில் நடந்த ஒரு சங்கடமும் தன் ஊர் வெயிலும் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

கையில் போன் இருக்கும்போது படிப்பும் பயிற்சியும் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு. யூடியூபில் எல்லாம் இருக்கிறது என்பது பொய்யில்லை. கார்த்திக் சுப்புராஜ் இன்ஜினியரிங் படித்தவர். குறும்படம் எடுத்து, கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' போட்டி வழியாக வந்து 2012-ல் 'பீட்சா' எடுத்தார். அங்கேயும் ஒவ்வொரு குறும்படத்தையும் மூத்த இயக்குநர்கள் உட்கார்ந்து பார்த்து முகத்துக்கு நேரே குறை சொன்னார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. யூடியூப் பாடம் சொல்லித் தரும். உங்கள் தப்பை அது பார்க்காது. ஊரில் ஐந்து பேர் சேர்ந்து மாதம் ஒரு படம் பார்த்து, தாங்கள் எடுத்ததை ஒருவருக்கொருவர் காட்டித் தாட்சண்யமில்லாமல் பேசினால் அந்தக் குறை தீரும். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்ற பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். கிராஃபிக்ஸில் உருவத்தைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுக்கும் வேலை, முதல் கட்ட சப்டைட்டில், சுமாரான டப்பிங் குரல் போன்றவை இயந்திரத்தின் கைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை மட்டும் கற்றுக்கொண்டு நிற்பது ஆபத்து. எங்கும் பதிவாகாத பேச்சும், யாரும் போய்க் கேட்காத சாட்சியமும் அந்த இயந்திரத்துக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன.

சாட்சியம் என்றதும் பத்திரிகை நினைவுக்கு வருகிறது. 'ஜெய் பீம்' எடுத்த த.செ. ஞானவேல் ஆனந்த விகடனில் பத்திரிகையாளராக இருந்தவர். 1993-ல் முதனை கிராமத்து ராஜாகண்ணு கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு உயிரிழந்த வழக்கு, கே. சந்துரு வழக்கறிஞராக இருந்தபோது உயர் நீதிமன்றத்தில் நடத்தியது. அதைப் படமாக எழுதுவதற்குத் தேவைப்பட்டது நீதிமன்ற ஆவணத்தைப் படிக்கத் தெரிந்த, சம்பந்தப்பட்டவரிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்த ஆள். அந்தப் பயிற்சி நிருபர் வேலையில் கிடைக்கும். மகேந்திரனும் இயக்குநராகும் முன் பத்திரிகையில் வேலை பார்த்தவர்தான். விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. கல்லூரியில் படித்துக்கொண்டே தன் மாவட்டத்திலிருந்து செய்தி எழுதலாம். கடலூர் மாவட்டத்தில் செய்திக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 2004 சுனாமி, 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல், 2015 வெள்ளம். ஒவ்வொரு தடவையும் சென்னை, டெல்லி கேமராக்கள் மூன்று நாள் இருந்துவிட்டுப் போய்விடும். தானே சாய்த்த முந்திரி மரத்துக்குப் பதில் நட்ட கன்று காய்க்க எத்தனை வருஷம் ஆனது, அதுவரை அந்தக் குடும்பம் எதைச் சாப்பிட்டது என்று நாலாவது வருஷம் போய்க் கேட்பது உள்ளூர் நிருபரால்தான் முடியும். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் செய்தியாகவும் வரும், டாகுமென்டரியாகவும் வரும், திரைக்கதையாகவும் வரும்.

இவ்வளவு சொல்லிவிட்டுப் புதுமைப்பித்தனின் முடிவைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. தமிழின் தலைசிறந்த சிறுகதைக்காரர் சினிமாவை நம்பிப் போனார். சொந்தமாக ஒரு படக் கம்பெனி தொடங்கிப் பார்த்தார், அது நடக்கவில்லை. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி'க்காகப் புனே போனவர் காசநோயோடு திரும்பினார். 1948-ல் இறந்தபோது வயது 42. திறமை அவரைக் காப்பாற்றவில்லை. ஆகவே தயாரிப்பு என்று சொல்லும்போது கணக்கு வழக்கும் ஒப்பந்தமும் உடம்பும் அதில் சேரும். எழுதிய கதையைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்வது சின்ன வேலைதான். 2018-ல் 'சர்கார்' படத்தின் கதை, தான் 2007-ல் 'செங்கோல்' என்று பதிவு செய்த கதை என்று வருண் ராஜேந்திரன் சொன்னபோது, அவர் பக்கம் இருந்த பெரிய பலம் அந்தப் பதிவு. சங்கத் தலைவராக இருந்த கே. பாக்யராஜ் இரண்டு கதைகளுக்கும் ஒற்றுமை இருப்பதாகச் சொன்னார். விவகாரம் சமரசத்தில் முடிந்தது. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு தந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பாட்டு எழுதப் போகிறவர் முதல் கையெழுத்திலேயே இழப்பார். சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு இருநூறுக்கு மேல் தமிழ்ப் படங்கள் வெளியாகின்றன, போட்ட பணத்தை எடுப்பவை அவற்றில் சொற்பம். தயாரிப்பாளர் கையைக் கடிக்கும்போது கடைசியில் பணம் வராமல் போவது புதிதாகச் சேர்ந்தவருக்குத்தான்.

பெண் பிள்ளைகளை இந்தத் துறைக்கு அனுப்பலாமா என்ற கேள்வியில் பெற்றோரின் பயம் நியாயமானது. மலையாளத் திரையுலகப் பெண்களின் நிலை குறித்து 2024 ஆகஸ்டில் வெளியான கேரளத்தின் ஹேமா கமிட்டி அறிக்கை, பெண்கள் பல வருஷமாகத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்ததை அரசு ஆவணமாக்கியது. அதற்காகப் பெண்கள் வீட்டில் இருந்துவிட வேண்டும் என்றால், குற்றம் செய்தவர்களுக்குத் துறையை எழுதிக் கொடுத்ததாக ஆகும். 1980-களிலேயே பி.ஆர். விஜயலட்சுமி கேமராவுக்குப் பின்னால் நின்றார். மணிரத்னத்திடம் உதவியாளராக இருந்து தொழில் கற்ற சுதா கொங்கரா 2020-ல் 'சூரரைப் போற்று' தந்தார். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் படப்பிடிப்புத் தளத்துக்கும் பொருந்தும். ஒவ்வொரு படத் தயாரிப்பு யூனிட்டும் உள் புகார்க் குழு வைத்தாக வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது. வேலைக்குச் சேரும்போது சம்பளத்தோடு சேர்த்து அந்தக் குழுவில் யார் யார் என்று கேட்கும் உரிமை ஒரு பெண்ணுக்கு உண்டு. தங்குமிடம், இரவு வண்டி, தனிக் கழிப்பறை மூன்றையும் எழுத்தில் கேட்கலாம். கேட்டதும் முகம் சுளிக்கிற யூனிட் எப்படிப்பட்டது என்பது அந்தச் சுளிப்பிலேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, மகன் சினிமாவுக்குப் போகிறேன் என்றால் பிழைப்பு போச்சு என்று அழும் அப்பா அம்மாவின் ஆட்சேபம். இரண்டாவது ஒரு தொழிலைக் கையில் வைத்துக்கொள்வது கனவைக் கைவிட்டதற்கு அடையாளம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இந்த மாவட்டத்து எழுத்தாளர்கள் அப்படி நினைக்கவில்லை. இமையம் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்துகொண்டே நாவல் எழுதினார். மாவட்டத்துக்கு வெளியே பார்த்தால், கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்குப் பார்த்துக்கொண்டே நடிப்பைக் கவனித்தவர் நடிகர் விஜய் சேதுபதி. மணக்கொல்லைக்காரர் கண்மணி குணசேகரனுக்கு பஸ் இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரியும். படம் தன் மனசுக்கு ஒப்பவில்லை என்றபோது அவர் வாங்கிய பணத்தைத் திருப்பி அனுப்பியது கொள்கைக்காக. அனுப்பிவிட்டு மறுநாள் சாப்பாட்டுக்கு யோசிக்க வேண்டியிராத நிலை அவருக்கு இருந்ததற்கு, கையில் இருந்த அந்தத் தொழிலும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.